சீல் வைத்த அறையில் பாதி பிரிந்த படம்

அனுப்புநர்:
குளிர்சாதனப் பொறியாளர்,
தொழில்நுட்பச் செயலாளர், ஊர் வரலாற்றுக் கழகம்,
பழைய தந்தி அலுவலகக் கட்டடம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: ஊர் அருங்காட்சியகத்தின் சீலை அகற்றி மின்சாரம் தர வேண்டுதல் – முடிதிருத்தும் நாற்காலி பற்றிய விளக்கம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. மழை தொடங்கப் போகிறது. சுற்றி வளைக்க நேரமும் இல்லை.

1. எங்கள் அருங்காட்சியகத்தில் உரிமம் இல்லாமல் முடிதிருத்தகம் நடப்பதாகச் சென்ற வாரம் சுகாதார ஆய்வாளர் கதவைப் பூட்டி சீல் வைத்தார். மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனார். அன்று உள்ளே முடி வெட்டப்பட்டது உண்மை. வெட்டியவர், அந்த நாற்காலியை எங்களுக்குக் கொடுத்த முடிதிருத்துநர். வெட்டிக்கொண்டவர், எங்கள் தலைவரான மருந்துக்கடைக்காரர். முடிதிருத்தகம் நடந்தது என்பது மட்டும் உண்மையல்ல.

2. இது எப்படி நேர்ந்தது என்றால், எங்கள் கழகத்தில் ஒரு விதி உண்டு: பொருளைக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் வந்து அதைப் பயன்படுத்தலாம். ஆரம்பத்தில் பொருள் கேட்டு வீடு வீடாகப் போனபோது, "குடுத்தா கண்ணாடிக்குள்ள வச்சுத் தொடாதேன்னு எங்களையே விரட்டுவீங்க" என்று கதவைச் சாத்தினார்கள். இந்த விதியைப் போட்ட பிறகுதான் பொருட்கள் வந்தன. மளிகைக்கடைக்காரர் தன் மின்தராசு பழுதானால் எங்களிடமிருக்கும் தன் பழைய தராசைத் தூக்கிப் போவார், மறுநாள் திருப்பி வைப்பார். தலைவருக்கு முதுகுவலி. அந்த நாற்காலி அளவுக்குச் சாயும் நாற்காலி இன்றைய கடைகளில் இல்லை. அதனால் மாதம் ஒருமுறை முடிதிருத்துநர் அங்கேயே வந்து வெட்டுவார். கூலி கிடையாது.

3. ஆய்வாளர் உள்ளே வந்தபோது தலைவருக்கு வலப்பக்கம் மட்டும் முடிந்திருந்தது. "சார், இடது பக்கத்தையும் முடிச்சுட்டு சீல் வைங்க, இந்தத் தலையோட எப்படிக் கடையில உட்காருவாரு?" என்று முடிதிருத்துநர் கேட்டார். "எழுந்திரிங்கய்யா, கட்டடத்தைக் காலி பண்ணணும்" என்பதே பதில். கத்தரியும் உள்ளே மாட்டிக்கொண்டது. தலைவர் தொப்பி போட்டு வீடு போய்ச் சேர்ந்தார். இதைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. ஊரே சிரித்துவிட்டது, நாங்களும் சிரித்துவிட்டோம். ஆய்வாளர் கண்ணில் பட்டதை வைத்து நடவடிக்கை எடுத்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதையே செய்திருப்பார்கள்.

4. என் புகார் அணைக்கப்பட்ட மெயின் சுவிட்சைப் பற்றியது.

பின் அறையில், மூடப்பட்ட ஒரு போட்டோ ஸ்டூடியோவின் கண்ணாடி நெகட்டிவ்கள் இருக்கின்றன. ஊர் ஸ்டூடியோக்களுக்கு பிலிம் வருவதற்கு முன் கண்ணாடித் தகட்டில்தான் படம் பிடித்தார்கள். அதன் மேல் ஜெலட்டின் பூச்சு உண்டு. ஈரம் பட்டால் அது இளகிப் பசை போலாகும். எங்களிடம் வருமுன்பே நனைந்ததில் இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உறையில் எழுதியிருந்தபடி, அடித் தகட்டில் இருப்பது அரசு மருத்துவமனையில் பயிற்சி பெற்ற செவிலியர் குழுவின் படம். இழுத்தால் கிழியும். அறையின் ஈரத்தைக் குறைத்து, தானாக விலக விலகப் பிரிக்க வேண்டும். அதற்காகவே ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை என் கையால் பொருத்தி, நிறுத்தாமல் ஓட்டி வந்தேன். கீழ்விளிம்பிலிருந்து படம் மெல்ல விலகியது; விலகிய பகுதி மட்டும் மேல் கண்ணாடி வழியே தெளிவாகத் தெரியும். முதலில் காலணிகள் தெரிந்தன. பிறகு சீருடையின் ஓரம். பிறகு கைகள்.

5. அந்தக் குழுவில் ஒருவர், நம் பேருந்துப் பணிமனையில் நடத்துனராக இருக்கும் அக்காவின் தாயார். அக்கா கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். வீட்டில் ஒரு படம்கூட இல்லை. சனிக்கிழமைதோறும் பணி முடிந்ததும் அக்கா நேராக எங்களிடம் வருவார். "செருப்பு வரைக்கும் வந்தாச்சு, முகத்துக்கு இன்னும் எத்தனை ஸ்டாப்புடா தம்பி?" என்பார். அவசரப்படுத்தினால் கிழிந்துவிடும் என்று நான் எரிந்து விழுவேன். "சரி சரி, நீயே ஓட்டு" என்று டீ வாங்கி வைத்துவிட்டுப் போவார்.

அவருடைய பெரியம்மா சொன்ன ஒரே அடையாளம், தங்கை கடிகாரத்தை வலக்கையில் கட்டுவாள் என்பது. சீல் வைப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, இரண்டாம் வரிசையில் வலக்கையில் கடிகாரம் கட்டிய ஒருவர் வெளிப்பட்டார். நெகட்டிவில் இடம் வலம் மாறித் தெரியும்; அதைச் சரிபார்த்த பிறகே எழுதுகிறேன். மற்ற எவர் வலக்கையிலும் கடிகாரம் இல்லை. அக்கா அன்று ஸ்டாப் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் இப்போது தோள் வரை பிரிந்து நிற்கிறது.

6. அறையின் ஈரமானியை ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறேன். முள் ஏறிக்கொண்டே போகிறது. மழை விழுந்தால் பூச்சு மறுபடி இளகி, பிரிந்த பகுதியும் ஒட்டிக்கொள்ளும். அதன் பின் பிரித்தால் முகங்கள் மேல் தகட்டோடு போய்விடும். இது என் பயம் அல்ல, ஜெலட்டினின் குணம். விசாரணையைத் தாங்கள் நிதானமாக நடத்தலாம். ஈரம் அதுவரை காத்திருக்காது.

7. ஆகவே நான் கேட்பவை:

அ) பின் அறைக்கு மட்டும் உடனே மின்சாரம் தர வேண்டும்.

ஆ) மழைக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஆய்வாளர் முன்னிலையில் அந்த அறையைத் திறந்து பிரிக்கும் வேலையை முடிக்க அனுமதிக்க வேண்டும்.

நாற்காலியில் இனி யாரும் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது என்றால், எழுத்தில் தாருங்கள், கட்டுப்படுகிறோம். முதுகுவலிக்குத் தலைவர் வேறு வழி பார்த்துக்கொள்வார், அவரே மருந்துக்கடைக்காரர்தானே.

8. இது நடக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது. நேற்று ஆய்வாளரைப் பார்த்துத் தகட்டைப் பற்றிச் சொன்னேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாப்பா? ஆணையரம்மா ஒரு வரி எழுதிக் கொடுத்தா நானே வந்து திறக்கறேன்" என்றார். ஆக, அவரும் தங்கள் ஒரு வரிக்குத்தான் காத்திருக்கிறார்.

அந்தப் படத்தில் அக்காவின் தாயாருக்கு இருபது வயது இருக்கலாம். அக்காவுக்கு அடுத்த வருடம் பணி ஓய்வு. தன்னைவிடச் சின்னவளாக இருக்கும் தாயை, அவர் முதன்முறையாகப் பார்க்கப் போகிறார். அந்தச் சனிக்கிழமை தாங்களும் வர வேண்டும். தாங்கள் கையெழுத்திட்டால் படம் எதுவரை தெரியும் என்பதை நேரிலேயே பார்க்கலாம்.

இடம்: அருங்காட்சியக வாசல்
நாள்: திங்கட்கிழமை

தங்கள் ஒரு வரியை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
தொழில்நுட்பச் செயலாளர்,
ஊர் வரலாற்றுக் கழகம்