கோலம் ஒதுங்கிய தெரு

20-1-1946, ஞாயிறு

பாளையம்பட்டிச் சந்து வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. கொண்டுவந்த சாமான்: ஒரு தறி, ஒரு ராட்டை, நாலு பானை, இவர். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. எழுதக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. சௌடப்பன். எழுதியாயிற்று. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

நான் கேட்டுத்தான் தனிக்குடித்தனம் வந்தோம். மாமனார் இருக்கும் அருப்புக்கோட்டையில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள், நிஜமும் அதுதான். மாமனார் வீட்டில் இருந்த ஒன்றரை வருஷத்தில், பகல் வெளிச்சத்தில் இவர் என்னிடம் பேசியது "தார் கொண்டா" என்பது மட்டும். தறிக்கு ராட்டையில் நூல் சுற்றிய குச்சிதான் தார். சுற்றிக் கொடுப்பேன், வாங்கிக்கொள்வார். ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் பெண்டாட்டியோடு அதற்கு மேல் பேசினால் வெட்கக்கேடாம். அவர்கள் வீட்டில் கன்னடம், அது எனக்குப் பாதிதான் புரியும். என் பிறந்த வீட்டில் தெலுங்கு. எங்கள் இருவருக்கும் நடுவில் தமிழ். அதையும் இவர் செலவு செய்யமாட்டார்.

புறப்படும்போது அத்தை — இவரைப் பெற்றவர் — சொன்னது: "மாசி முடியட்டும். பானையத் தூக்கிட்டு ரெண்டு பேரும் இங்கனதான் வந்து நிப்பீக."

நிற்கமாட்டேன்.

22-1, செவ்வாய்

இவர் வீட்டைக் காலால் எட்டு வைத்து அளக்கிறார். நீளம் ஒன்பது எட்டு, அகலம் நாலு. தறிக்குழி இங்கே, அடுப்பு அங்கே. கூரை ஒழுகாது, சுவரில் கறையான் இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. இந்தப் பக்கம் எங்கேதான் உப்பில்லை? நன்றாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்.

காலையில் வாசல் பெருக்கினேன். பெருக்கிக்கொண்டே போனால், இருபத்திரண்டாவது எட்டில் சந்து ஒரு சுவரில் முட்டித் திரும்புகிறது. பாவு நீட்ட நாற்பது எட்டு வேண்டும், அதுவும் நேராக. நூலையெல்லாம் தெருவில் நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, பிரஷ்ஷால் வாரிக் காயவைத்த பிறகுதான் தறியில் ஏற்ற முடியும். இது தறிக்காரன் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

நான் வாயைத் திறக்கவில்லை.

24-1

அவராகக் கண்டுபிடிக்கட்டும்.

26-1, சனி

தறிக்குழி வெட்டி முடித்தார். பாவு நூலைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போன சுருக்கில் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

"சந்து வளைஞ்சிருக்கு" என்றார்.

"வந்த அன்னைக்கே வளைஞ்சுதான் இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையே."

முழுக்க அவரையும் குற்றம் சொல்ல முடியாது. மாமனார் வீட்டில் வாசலைத் தாண்டினால் நீளமாகத் தெரு கிடந்தது. பாவு நீட்டச் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வந்து நின்றார்கள். கைகால் மாதிரி தெருவும் கூடவே வரும் என்று நினைத்துவிட்டார்.

30-1, புதன்

ஊருக்கு வெளியே பொட்டலில் நீட்டிப் பார்த்தோம். இவருடைய கூட்டாளி சின்னச்சாமி மட்டும் உதவிக்கு வந்தார். சொந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அத்தை போகாதே என்று சொல்லியிருக்கமாட்டார். சொல்லத் தேவையும் இல்லை.

பொட்டல் காற்று சும்மா விடுமா? கஞ்சி பூசிய கையை எடுப்பதற்குள் நூல் முறுகிப்போகிறது. பிரஷ் பட்டால் பொட்டுப் பொட்டென்று அறுகிறது. ரேஷன் அரிசி அத்தனையையும் கஞ்சிக்குப் போட்டிருந்தேன். நாங்கள் கம்பங்கூழ் குடித்தோம், பாவு அரிசிக் கஞ்சி குடித்தது. குடித்துவிட்டும் அறுந்தது. பாதியிலேயே சுருட்டிக்கொண்டு வந்தோம்.

31-1

சாப்பிடும்போது "அம்மாகிட்டப் போயி…" என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறுபடியும் அந்த அடுப்படியா? மறுபடியும் "தார் கொண்டா"வா? ஐயோ, என்னால ஆகாதுப்பா. அவுக வேணும்னா போகட்டும். நான் போகமாட்டேன் — போகமாட்டேன்னா போகமாட்டேன்.

2-2, சனி

எங்கள் சந்துக்கு அடுத்தது கடைக்காரர்கள் தெரு. இரு பக்கமும் மச்சு வீடுகள், காற்று அடிக்காது. தண்ணீருக்குப் போகிற சாக்கில் அளந்தேன். நேராக நாற்பத்தாறு எட்டு.

இவரிடம் சொன்னேன். "அவுக தெருவுல போயி எப்பிடிக் கேக்க?" என்றார். எப்படிக் கேட்பது, வாயால்தான்.

பருத்திக்கொட்டைக் கடைக்காரர் சங்கரலிங்கத்தின் வீட்டம்மா சுந்தராம்பாள். அந்தத் தெருவில் அவர் சொன்னால் சொன்னதுதான். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டதற்கு நிமிராமலே பேசினார்.

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"வண்டி வர முந்தி முடிச்சிருவோம்."

"நடுத்தெருவுல நீட்டுவீக. பதினோரு வீட்டுக் கோலத்தையும் மிதிச்சுக்கிட்டே நடப்பீக. அப்பிடித்தான?"

எனக்குச் சுருக்கென்றது. தெருவை அளந்தவள் கோலத்தைப் பார்க்கவில்லை. இவரைச் சொல்ல வந்துவிட்டேன், பெரிய இவளாட்டம்!

கோலத்தை முடித்து, கை மாவைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "செவ்வா, வெள்ளி வேண்டாம். புதன்கிழமை வா" என்றார். கோலத்துக்கு என்ன வழி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

6-2, புதன்

இன்று ஒரு வாசலிலும் கோலம் இல்லை. சாணி தெளித்துவிட்டு, பெண்கள் மாவுக் கிண்ணத்தோடு நிலைப்படியில் நின்றார்கள், நாங்கள் முடிக்கட்டும் என்று. "வெறும் வாசலாக் கெடக்கே" என்று ஒரு அம்மாள் முனகியது காதில் விழுந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நாற்பது எட்டு, நாங்கள் மூன்று பேர். பாதியில் என் பக்கம் பாவைத் தாங்கிய மூங்கில் சரிந்தது. இவர் அந்தக் கோடியிலிருந்து கன்னடத்தில் கத்தினார். நான் இந்தக் கோடியிலிருந்து தெலுங்கில் கத்தினேன். சுந்தராம்பாள் ஓடிவந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் தமிழ்ல திட்டிக்கிட்டா நாங்களும் கேப்போம்ல?" என்றார். தெருவே சிரித்தது. முனகின அம்மாளும்தான்.

பாவு நின்றது. ஒரு பத்து இழை அறுந்திருக்கும், முடிச்சுப் போட்டுவிட்டோம்.

7-2

தறிச் சத்தம். மத்தியானம் தார் கொண்டுபோனேன். வாங்காமல் கேட்டார்: "நேத்து என்னயத் தெலுங்குல என்னமோ திட்டுனியே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"சொல்லமாட்டேன்."

"மோசமானதோ?"

"ரொம்ப."

பல் தெரியச் சிரித்தார். வெயில் கூரை ஓட்டைவழியாக விழுந்துகொண்டிருந்தது. (கூரை ஒழுகாது என்றாரே?)

10-3, ஞாயிறு

மாசி முடிய இன்னும் மூன்று நாள். முதல் பாவு நெய்து முடிந்தது. அடுத்ததை நாளைக்கு நீட்ட வேண்டும். காலையில் சுந்தராம்பாள் வாசலுக்கே வந்து இவரிடம் சொல்லிவிட்டுப் போனார்: "வெறும் வாசல் வேணாம்னு எல்லாரும் சொல்லிட்டாக. நடுவுல பாவுக்கு எடம் விட்டு, கோலத்த ஒதுக்கிப் போட்டுருவோம்."

மூன்று மணிக்குக் கொழுந்தன் ரங்கராஜ் வந்தான். அத்தை சொல்லி அனுப்பியதை அண்ணனிடம் கன்னடத்தில் சொன்னான். எனக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியே போதும். அவர்கள் பக்கத்து வீடு காலியாகியிருக்கிறது. தெரு இருக்கிறது, ஆள் இருக்கிறது. வந்துவிடுங்கள். கோபமாக அனுப்பிய சொல் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. ராட்டையை நிறுத்திவிட்டேன்.

இவர் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். தம்பியிடம் இவர் கன்னடம் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை.

"நாளைக்கு எங்க பாவுக்காகப் பதினோரு வீட்டுலயும் கோலத்த ஒதுக்கிப் போடுறாக. நாங்க இங்கனதான் இருப்போம். அம்மாவ வேணா ஒரு நடை வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு."

தமிழில் சொன்னார். ரங்கராஜ் திருதிருவென்று விழித்தான். இவர் என் பக்கம் திரும்பவில்லை. மறுபடியும் குழிக்குள் இறங்கிவிட்டார்.

கஞ்சிக்கு அரிசி களைந்து வைத்தேன்.