உலகத்துக்கு முந்தின அன்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் நம் வீட்டில் தங்கட்டும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்; நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று மருத்துவமனை லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே ரத்த மாதிரிகளோடு நான், வாளியோடு துப்புரவு அக்கா. நான் வாய்விட்டு ஜெபித்ததைக் கேட்டு அக்கா பேச்சுக் கொடுத்தார்.

“உலகமே இல்லாதப்ப உங்க சாமி தனியா என்ன பண்ணாரு? போரடிச்சிருக்குமே?”

“தனியா இல்லக்கா. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு தனக்குள்ளயே என்னைக்கும் அன்புலதான் இருந்தாரு.”

“அப்ப துணைக்கு ஆள் இல்லையேன்னு நம்மளப் படைக்கல?”

“இல்லக்கா.”

“தேவையே இல்லாம, ஆசப்பட்டுப் படைச்சாரா? அடேயப்பா!”

கதவு திறந்த பிறகும் அந்த ‘அடேயப்பா’ என்னை விடவில்லை. தனிமை தாங்காமல் வேலையை விட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன், அம்மா. உலகத்துக்கு முன்பே இருந்த அன்பு நான் தனியாகத் தங்கியிருக்கும் இந்த அறைக்கும் எனக்கு முன்பே வந்திருக்கும் அல்லவா? வேலை ஒப்பந்தம் முடியும்வரை இங்கேயே இருக்கிறேன்.

ஒரு கம்பளியும் தலைவலித் தைலமும் அனுப்புங்கள். வீட்டு ஜெபத்தையும் போனில் பதிவுசெய்து அனுப்புங்கள். பாடும்போது அப்பாவுக்குச் சுருதி தப்பினால் நிறுத்தச் சொல்லாதீர்கள், அதுவும் இருக்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்