கடலிலிருந்து வந்த காலடிகள்

காபிஸ்,
நவம்பர் 9

அன்பு மகன் மெலெசியோவுக்கு, அம்மா ரொசெந்தா எழுதுவது. நானும் உன் அண்ணன் கிரிசாந்தோவும் மாதாவின் தயவில் மூச்சும் சோறுமாக இருக்கிறோம், அந்த நோர்வேப் பனியில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் காகிதம். முழுதாகப் படி.

அண்ணன் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான் என்று உன்னிடம் சொன்னேன், அது பொய். அவன் விழவே இல்லை. ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், உள்ளறையில் காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடித்ததுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிலில்தான் கிடக்கிறான், அந்த நோய் அவன் உடம்பை எப்போதும்போல முறுக்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் தொடை மட்டும் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருக்கிறது. அவன் தசையே அவன் எலும்பை ஒடித்துவிட்டது. தாடை இறுகிப்போய்க் கத்தவும் முடியவில்லை, கண் மட்டும் என்னையே பார்த்தது.

நகரத்து ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, "இந்த வெயில் ஊர்ல இருந்துகிட்டு வைட்டமின் டி இல்லவே இல்லன்னா எப்படிம்மா? இவர எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பசிதாவின் மகள் நம் ஜன்னலில் அவன் முகம் திருகுவதைப் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் படுத்தாள், அன்றிலிருந்து அஸ்வாங் என்று பேச்சு, பகலில் மனிதன், இருட்டினால் பேய் என்று. பேயை விரட்ட வாசலில் யாரோ பூண்டுச் சரம் கட்டிவிட்டுப் போனார்கள். பலகை வைத்து ஜன்னலை ஆணியடித்தது நான்தான். மூன்று வருஷம். வெயில் இல்லை, நடை இல்லை, விழுங்க முடியாததால் வெறும் கஞ்சித் தண்ணீர், முறுக்கல் மட்டும் ஓயவில்லை. இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு எலும்பு உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும், நடுக்கத்தைப் பார்க்கிற நாம் எலும்பை மறந்துவிடுகிறோம் என்று டாக்டரம்மா சொன்னாள்.

இப்போது மருந்து கொடுக்கிறேன், கருவாட்டை முள்ளோடு பொடித்துக் கஞ்சியில் கரைக்கிறேன், காலையில் வெயிலுக்குக் கூட்டிப்போகிறேன். முன்னால் நடக்கச் சொன்னால் கால் பின்னிக்கொள்கிறது, பின்னால் நடந்தால் நேராக நடக்கிறான், ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கிற பெண்தான் கண்டுபிடித்தாள். நான் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு முன்னோக்கி நடப்பேன், அவன் என் முகத்தைப் பார்த்தபடியே கடலை நோக்கிப் பின்வாங்குவான். களைத்ததும் ரோட்டு வழியாக ட்ரைசைக்கிளில் திரும்புவோம். ஒரு நாள் வாசலில் நின்று ஈரமணலில் எங்கள் காலடித் தடங்களைப் பார்த்தபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது. ஒரு பெண் கடலுக்குள் போயிருக்கிறாள், திரும்பவில்லை. கடலுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பெரிய காலோடு, அவளை உரசிக்கொண்டு, நம் வீட்டுக்கு வந்திருக்கிறது.

ஊரும் அதைத்தான் பார்த்திருக்கிறது. பசிதா வேலியோரம் வந்து, "அக்கா, மறைக்காம சொல்லு, தினமும் தண்ணிக்குள்ளேருந்து எதக் கூட்டிட்டு வர்ற?" என்றாள். "எம்மவனத்தான்டி, வந்து பாரு" என்றேன். மறுநாள் வந்தாள். சிலுவை போட்டுக்கொண்டு பத்தடி தள்ளியே நடந்தாள், அவன் தள்ளாடியபோது மட்டும் ஓடி வந்து முதுகைத் தாங்கிவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் அதற்கடுத்த நாளும் வந்தாள்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். போன ஞாயிறு நீ போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாய். உன் இடது பாதம் ஒரு நொடி உள்பக்கம் திரும்பியது, பிறகு யாரும் பார்க்கவில்லை என்பதுபோல நேரானது. அண்ணனுக்கும் இடது பாதத்தில்தான் தொடங்கியது, அவனுக்கும் அப்போது முப்பத்துநாலு வயது. என் அப்பாவும் இதில்தான் போனார். இது தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு இறங்குகிற நோய். எனக்குத் தெரியும் மகனே, கல்யாணத்துக்கு முன்பே தெரியும், தெரிந்தும் உங்கள் இருவரையும் பெற்றேன்.

உன் பாதத்தைப் பார்த்த மறுநாள் அண்ணனிடம் இதைச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகத் தொண்டையிலிருந்து பிடுங்கி, "நீ பயந்திருந்தா நாங்க பொறந்தே இருக்க மாட்டோம்மா. தம்பிகிட்டச் சொல்லிடு. அவனையும் ஒளிச்சு வச்சிடாத" என்றான்.

அங்கே இப்போது சூரியனே வராத மாதம் தொடங்கும். அதற்குள் நரம்பு டாக்டரைப் பார், ரத்தத்தில் வைட்டமின் டியையும் சோதிக்கச் சொல். ஒன்றுமில்லை என்றால் இந்தக் கிழவியைத் திட்டிக்கொள். மாதா உன் கூடவே நடக்கட்டும். அடுத்த ஞாயிறு பேசும்போது போனைத் தரையில் சாய்த்து வை, உன் முகத்தை நிறையப் பார்த்தாயிற்று, நீ நடப்பதைப் பார்க்க வேண்டும்.

உன் அம்மா,
ரொசெந்தா