வியாழக்கிழமைச் சாயம்

அப்பா,

உன் அரக்குப் பட்டுச் சிட்டம் திரும்பி வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை எலீஸ் அதை பெல்ஜியத்திலிருந்து கொண்டுவந்து கூடத்துத் தரையில் வைத்தாள். ஒரு கைப்பிடி முறுக்கிய நூல், அவ்வளவுதான். மூன்று வருடம் அவள் அலமாரியில் கிடந்தும் சாயப்பட்டறை வாடை இன்னும் போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன், உடனே கீழே வைத்துவிட்டேன். இதை எழுதும்போதும் என் முன்னால்தான் கிடக்கிறது.

நம் பிள்ளையார்பாளையத்தில் உன்னைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொல்வதில்லை. தங்கமான மனுஷன், வெள்ளைக்காரப் பிள்ளையைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டான் என்கிறார்கள். நானும் மூன்று வருடம் மண்டையை ஆட்டினேன். இனி ஆட்டுவதாக இல்லை. உன்மேல் எனக்குக் கோபம். உன் படத்தைப் பார்த்துக் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வருவார்கள், அதனால் எழுதுகிறேன்.

எலீஸ் நம் வீட்டுக்கு வந்ததே உன் அவசரப் புத்தியால்தான். வெளிநாட்டுப் பிள்ளைகளை ஒரு வருடம் இங்கே வீடுகளில் தங்கவைத்துப் படிக்கவைக்கிற ஒரு சங்கம். நீ சேலை நெய்து கொடுத்த கடை முதலாளி அதில் இருந்தார். எலீஸ் முதலில் தங்கிய வீட்டில் பெரியவருக்கு உடம்பு முடியாமல் போனது. நோயாளி இருக்கிற வீட்டில் பிள்ளை இருக்கக் கூடாது என்று சங்கத்தில் விதி. இரண்டே நாளில் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். பதினாறு வயதுப் பெண், போக இடமில்லாமல் முதலாளி வீட்டு மாடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம். நெய்த சேலையைக் கொடுக்கப் போன நீ, சேலையைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாய்.

கொண்டுவந்ததும் என் அறையை அவளுக்குக் கொடுத்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

"நீ கம்பெனில நைட் ஷிப்டுதான பாக்குற? பகல்ல தறி பக்கத்துல பாயப் போட்டுத் தூங்கினா இன்னா?"

"தறி சத்தத்துல எப்டிப்பா தூங்குறது?"

"பொறந்ததுலேர்ந்து அந்தச் சத்தத்துலதான தூங்கின! இப்ப இன்னா புதுசா?"

அம்மாவுக்கு வேறு கவலை. "பெல்ஜியம்னா கண்ணாடி வருமே, அந்த ஊரா? அந்தப் பொண்ணு இன்னா துன்னும்? ரொட்டிதான் துன்னுமா?" என்று கேட்டுக்கொண்டே அரிசியைக் களைந்தாள். நீ அவளிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "இனிமே வேற வீட்டுக்குப் போற வேலையே இல்லம்மா. ஊருக்குப் போற வரைக்கும் இதான் உன் வீடு." அவளுக்குத் தமிழ் புரியவில்லை. என்னைப் பார்த்தாய். நான்தான் முறைத்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னேன். அந்த வாக்கை எடுத்துக் கொடுத்த வாயும் என் வாய்தான், பார்.

ஒரு மாதத்தில் என் முறைப்பெல்லாம் போய்விட்டது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். போதும் போதும் என்று அவள் சொல்லச் சொல்ல அம்மா சோற்றை வைப்பாள். கடைசியில் எலீஸ் தட்டின் மேல் இரண்டு கையையும் விரித்துக் கவிழ்ந்து படுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து பேன் பிடித்துக்கொண்டு வந்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளை வாசற்படியில் உட்காரவைத்து, அந்த மெல்லிய மஞ்சள் முடியில் பேன் சீப்பு போட்டு இழுத்தேன். அவள் பெல்ஜியத்து அம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னாள், அந்த அம்மாள் அலறினாள். தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றப் பழகினாள். தெருவில் கற்ற தமிழில் உன்னையே அதட்டினாள்: "இன்னாப்பா, துன்னாம வேல செஞ்சிக்கினு கீற?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். என்னை ஒருநாளும் அப்படி அதட்டவிட்டதில்லை.

தை பிறந்தபின் நீங்கள் இரண்டு பேரும் வியாழக்கிழமை காலையில் கிளம்ப ஆரம்பித்தீர்கள். எங்கே என்றால், "சாயத்துக்கு." மஞ்சள் பையில் பட்டு, சைக்கிள் பின்னால் எலீஸ். வியாழக்கிழமைகளில் முதல் இரண்டு வகுப்பு அவளுக்கு ஓவியம், போகாவிட்டால் பரவாயில்லை, சாயம் போடுவதைப் பார்ப்பதும் படிப்புதானே என்றாய். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து நான் இறங்குவேன், நீங்கள் எதிரே போவீர்கள். கையாட்டுவேன். வந்து படுத்துக்கொள்வேன்.

மதியம் பையோடு திரும்புவாய். நம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயத்திலிருந்து வந்த பட்டை அன்றைக்கே பிரிக்கக் கூடாது. ராத்திரி பையோடு தொங்கவிட்டு, மறுநாள் காலை வெயிலில் நீதான் பிரித்து நிறம் பார்ப்பாய். அதுவரை பையில் யாரும் கைவைக்க மாட்டோம். சின்ன வயதில் ஒருமுறை கைவிட்டு உன்னிடம் அடி வாங்கியிருக்கிறேன். அதனால் அந்தப் பையை அம்மாவும் பிரிக்கவில்லை, நானும் பிரிக்கவில்லை. அதற்குள் ஒரே சிட்டம்தான் வாரா வாரம் போய் வாரா வாரம் திரும்பியது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்திருக்க வேண்டும். அதுதான் என்னைக் குடைகிறது. தறியில் ஒரு பாவு நூல் ஏற்றினால் மூன்று சேலை, முடிய ஒன்றரை மாதம். தறியில் ஓடுவது எந்த நிறமோ அந்த நிறம்தான் முடியும்வரை ஓடும். வாரத்துக்கு ஒருமுறை யாராவது சாயத்துக்குப் போவார்களா? தறி வைத்திருக்கும் வீட்டில் பிறந்த எவளும் கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. பத்தடி தள்ளி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

வைகாசியில் அவள் ஊருக்குக் கிளம்பினாள். விமான நிலையத்துக்கு நீ வரவில்லை. "தறில வேல கெடக்குது" என்றாய். வாசலில் நின்று அவள் தலையில் கைவைத்தாய். நான்காம் நாள் தறிக்குழியிலிருந்து எழ முடியாமல் சாய்ந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் திட்டினார். "குடல்ல கட்டின்னு தை மாசமே சொல்லிட்டோமே, உடனே ஆபரேஷன் பண்ணணும்னு. இத்தனை மாசம் வீட்ல இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" வீட்டுக்கு ஓடி வந்து தேடினேன். தறியில் நீ உட்காரும் பலகைக்கு அடியில் இருந்தது ஃபைல். அதில் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வியாழக்கிழமைத் தேதி.

அந்த ஃபைலைக் கொண்டுவந்து உன் கட்டிலில் வீசினேன், நினைவிருக்கிறதா?

"சொல்லியிருந்தா அந்தப் பொண்ணைப் பெட்டியக் கட்டச் சொல்லியிருப்பாங்கம்மா. மூணாவது வீடு. வாக்குக் குடுத்துட்டேனே."

"நான் யாருப்பா? எனக்கு ஒண்ணும் குடுக்கலியா நீ?"

வேறொன்று சொன்னாய். "எலீசுக்குத் தெரிய வேணாம். அதாலதான்னு நெனச்சிக்கும். அம்மாவுக்கும் நோய் இப்பத்தான் தெரிஞ்சிதுன்னே இருக்கட்டும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஆடி முடிவதற்குள் போய்விட்டாய். எலீசுக்கு "திடீர் மாரடைப்பு" என்று எழுதினேன். அவளிடமிருந்து வந்தது இரண்டே வார்த்தை, "சரி அக்கா." அப்புறம் பொங்கலுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று. என்ன இருந்தாலும் வெளியாள்தானே, அதற்குள் மறந்துவிட்டாள், இவளுக்காகவா எங்கள் அப்பா செத்தார் என்று மனசுக்குள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். மூன்று வருடம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அம்மா மீன் வாங்கப் போயிருந்தாள். சிட்டத்தைத் தரையில் வைத்துவிட்டு எலீஸ் பேச ஆரம்பித்தாள். பத்தொன்பது வயதாகிவிட்டது அவளுக்கு. தமிழ் கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது, ஆனால் நம் தெருத் தமிழ்தான்.

"கடைசி வியாழக்கெழம அப்பா இத எங்கிட்ட குடுத்துச்சு. நீயே எடுத்துக்கினு போயிடும்மா, வீட்ல இருந்தா கேப்பாங்கன்னு சொல்லிச்சு."

"எத கேப்பாங்க?" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போனத."

அவளுக்குத் தெரியும், அப்பா. யாருக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாயோ அவளைத்தான் நீ பக்கத்தில் உட்காரவைத்திருந்தாய். முதல் வியாழக்கிழமை, சாயம் பார்க்கிறேன் என்று அவளே அடம்பிடித்து வந்திருக்கிறாள். பட்டறையைக் காட்டினாய். திரும்புகிற வழியில் உன்னால் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு, "சொன்னா உன்ன வேற வீட்டுக்கு மாத்திடுவாங்கம்மா" என்று சொன்னாயாம். அவள் வாயை அடைக்க அந்த ஒரு பயம் போதாதா? அதற்கப்புறம் வாரா வாரம் சீட்டு வாங்கியது அவள். வரிசையில் நின்றது அவள். வலிக்கு ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தது அவள். யார் இது என்று நர்ஸ் கேட்டால் "பொண்ணு" என்றாயாம். நர்ஸ் சிரித்தார்களாம்.

இதைச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள். "நீ ஏங்க்கா ஒருநாள்கூட வரல?"

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. எனக்குப் பயமா இருந்துச்சு. அக்காவுக்கு எல்லாம் தெரியும், அம்மாவுக்குத்தான் தெரியாது, அக்கா எதிர்ல பேசாத, அது அழும்னு அப்பா சொல்லிச்சு. நீ பஸ்லேர்ந்து எறங்கி எங்களுக்குக் கையாட்டுவ. கையாட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவ. எனக்கு உம்மேல அவ்ளோ கோவம்க்கா. அப்புறம் திடீர்னு மாரடைப்புன்னு எழுதின. பொய்னு தெரியும். என்னாலதான் அப்பா செத்துச்சு, அத மூஞ்சிக்கு நேரா சொல்ல உனக்கு இஷ்டமில்லன்னு நெனச்சேன்."

அப்பா, இதற்கு என்ன சொல்கிறாய்? வீட்டுக்கு வந்த பிள்ளை முகம் வாடக் கூடாது என்று வாய் ஓயாமல் சொன்ன மனுஷன், அந்தப் பிள்ளையின் தலையில் உன் சாவைத் தூக்கி வைத்து அனுப்பியிருக்கிறாய். நான் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டு மூன்று வருடம் இருந்திருக்கிறாள். நான் அவளை நன்றிகெட்டவள் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். என்னிடம் ஒரு பொய், அவளிடம் ஒரு பொய், இரண்டுக்கும் நடுவில் நீ மட்டும் நல்லவன். நான் அழுவேனாம்! அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன். அழுதுகொண்டே உன்னைத் தூக்கிக்கொண்டு போய் ஆபரேஷன் மேசையில் போட்டிருப்பேனே! அவளை வேறு வீட்டுக்கு மாற்றினால் என்ன, தினமும் சாயங்காலம் நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டேனா?

"எனக்குத் தெரியாதுடி" என்றேன். "சத்தியமா தெரியாது." அவள் நம்பவில்லை. ஃபைலைக் கொண்டுவந்து காட்டி, எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது என்று சொன்னதும்தான் அவள் முகம் மாறியது. அப்புறம் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டினோம். அவள் அவளுடைய பாஷையிலும் திட்டினாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

மீனோடு அம்மா வந்தாள். எலீஸ் என் கையைக் கிள்ளினாள். "அம்மாகிட்ட சொல்லாத, பாவம்" என்றாள். பார்த்தாயா, அந்தப் பிள்ளைக்கும் உன் புத்தி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் சொன்னேன். எல்லாவற்றையும், தை மாதத்திலிருந்து வரிசையாகச் சொன்னேன். இந்த வீட்டில் இன்னொருத்தரைப் பாவம் பார்த்து எதையும் மறைக்க மாட்டேன்.

அம்மா மீன் பையைக் கீழே வைக்காமல் நின்றே கேட்டாள். அழவில்லை. எலீஸிடம் வந்து, மீன் கையோடு அவள் கன்னத்தைப் பிடித்து, "பச்சப் புள்ளய இப்டி அலையவுட்டுக்கீறானே பாவி" என்றாள். பிறகு உன் படத்துக்கு எதிரே போய் நின்றாள். காலையில் தன் கையால் போட்ட மாலையைக் கழற்றி எடுத்தாள்.

"உனக்கு மூணு நாளைக்குப் பூ கெடையாது."

நான்காம் நாள் போட்டுவிட்டாள். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள், அவளால் அவ்வளவுதான் முடியும். எலீசும் போகும் முன் உன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் இன்னும் பூ வைக்கவில்லை. வைப்பேனா என்றும் தெரியவில்லை. நீ பாசக்காரன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பாசத்தில் என்னை மட்டும் ஏன் தூங்கவிட்டாய் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. நீ போனதிலிருந்து இந்த வீட்டுக்குள் யார் எந்தப் பையைக் கொண்டுவந்தாலும் பிரித்துப் பார்க்கிறேன். அம்மாவின் காய்கறிப் பை, விருந்தாளிகளின் பை, எதுவானாலும். அம்மா திட்டுகிறாள், சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். நேற்று எலீஸ் கிளம்பும்போது வாசலில் ஆட்டோ நிற்க, என் கை தானாக அவள் தோள்பையின் மேல் போனது. எனக்கே வெட்கமாகிக் கையை இழுத்துக்கொண்டேன்.

அவள் ஆட்டோக்காரரைக் கொஞ்சம் இருக்கச் சொன்னாள். பையைத் தோளிலிருந்து இறக்கி, ஜிப்பை முழுசாகத் திறந்து, என் முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. நல்லா பாத்துக்கோ."