நாலாம் திருநாளும் என் புரோகிராமும்

தென்காசி,
25.9.2022

அன்புள்ள குமரகுருவுக்கு, அம்மா ஆசியுடன் எழுதுவது. என் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, முழங்கால் மட்டும் படியேறும்போது நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறது. கல்கரியில் அதற்குள் குளிர் வந்துவிட்டது என்று சத்யபிரியா சொன்னாள், நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ நடுவில் பேசுவாய்.

ஐப்பசித் திருவிழாவில் நாலாம் திருநாள் மண்டகப்படி இந்த வருஷம் நம் முறை இல்லை. லோகநாயகி சித்தியின் நடு வீட்டு முறை. மூத்த வீட்டு முறை, அதாவது நம் முறை, என்று போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதியது தப்பு. அதை நம்பி நீ விமான டிக்கெட் எடுத்ததும், இல்லை என்று சொன்ன அவள் மகன் விஜயசங்கரைப் பொய்யன் என்று அதே குழுவில் எழுதியதும் அந்தத் தப்பின் மேல் வந்தவை.

நடந்ததைச் சொல்கிறேன். கொரோனாவில் இரண்டு வருஷம் மண்டகப்படி நின்றதால் யார் முறை என்பது குழம்பிப்போயிற்று. பெரியவர்கள் மூவரும் கொல்லம் 1125 ஐப்பசியில் எழுதிய தாளில், முதல் வருஷம் மூத்த வீடு, அடுத்து நடு வீடு, பிறகு இளைய வீடு, ஒரு வருஷம் நின்றாலும் முறை மாறாது என்று தெளிவாக இருக்கிறது. ஆடியிலிருந்து நான் குற்றாலத்தில் வித்யாலட்சுமியிடம் பைத்தான் படிக்கிறேன் அல்லவா, சீசன் கூட்டத்தில் ஈரத் துண்டுக்காரர்களுக்கு நடுவே நோட்டை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனவள் நான் ஒருத்திதான். சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி வரச் சொன்னாள். நீ பத்து நிமிஷத்தில் எழுதித் தருகிறேன் என்றாய், நான் வேண்டாம் என்றேன். ஆங்கில ஆண்டைக் கொடுத்தால் கொல்லம் ஆண்டாக்கி, 1125-ஐக் கழித்து, மூன்றால் வகுத்து, மீதி சைபர் என்றால் மூத்த வீடு, ஒன்று என்றால் நடு வீடு, இரண்டு என்றால் இளைய வீடு என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரம் எழுதினேன். 2022 கொடுத்தேன், மூத்த வீடு என்று வந்தது. வேறு எதையும் பார்க்காமல் குழுவில் போட்டுவிட்டேன்.

வகுப்பில் காட்டியபோது வித்யாலட்சுமி பாராட்டவில்லை. விடை முன்பே தெரிந்த ஒரு வருஷத்தைக் கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டாள். 2018 கொடுத்தேன். இளைய வீடு என்றது. அந்த வருஷம் உன் அப்பாதான் பரிவட்டம் கட்டி நின்றார்கள், நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்து வரி வரியாகப் பார்த்தேன். உன் தாத்தா காலத்துப் பத்திரங்களெல்லாம் அறுப்பு முடிந்து மாசி பங்குனியில் எழுதியவை, அதனால் 825-ஐக் கழித்தே எனக்குப் பழக்கம். ஐப்பசிக்கு அது ஆகாது. கொல்லம் ஆண்டு ஆவணியிலேயே பிறந்துவிடுகிறது, ஆங்கில ஆண்டு ஜனவரியில்தான் மாறுகிறது, இடைப்பட்ட மாதங்களுக்கு 824-ஐத்தான் கழிக்க வேண்டும். திருத்தினேன். 2018 மூத்த வீடு, 2022 நடு வீடு. ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போனால் நின்றுவிடுகிற இயந்திரம் ஒரு வருஷம் பிசகியதற்கு வாயே திறக்கவில்லை. அது நான் பார்க்க வேண்டிய வேலை.

மறுநாள் காலை மேலகரம் போய் லோகநாயகியிடம் சொன்னேன். ஒரு மாதமாக அவள் வீட்டுப் படி மிதிக்காதவள். அவள் காப்பி கொடுத்துவிட்டு, “ஒரு மாசமா நாங்க சொல்லுதோம், கேக்கலியேக்கா. மெஷின் சொன்னாத்தான் கேப்பியளோ?” என்றாள். மெஷின் தப்பாகத்தான் சொன்னது, நான் சொல்லிக்கொடுத்த தப்பு அது என்றேன். அவள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பத்து வருஷத்துக்கு யார் யார் முறை என்று பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள், பிறகு நான் கணக்கை மாற்றிவிட்டால் என்ன செய்வதாம். எடுத்துக் கொடுத்தேன். போன வருஷம் கொரோனாவில் போனது நம் முறை என்பதை அதில் அவளே கண்டுபிடித்தாள். கிளம்பும்போது, “குமரகுருவ வரச் சொல்லுங்கக்கா. விஜயசங்கரோட நிக்கட்டும்” என்றாள். வாசல்வரை வந்து சொன்னாள்.

ஆகவே டிக்கெட்டை ரத்துசெய்யாதே. நம் முறை 2024-இல் வருகிறது, எனக்கு அப்போது எழுபத்தாறு, இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், வகுப்பில் அடுத்த பாடத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். இந்த வருஷம் நீ வருவது தம்பி பரிவட்டம் கட்டுகையில் பக்கத்தில் நிற்பதற்கு. கம்பளிச் சட்டைகளைத் தூக்கிக்கொண்டு வராதே, இங்கே அடைமழைதான் இருக்கும். இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒற்றுமையோடு, மனம் நிறைந்து வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மறந்துவிடாதே, விஜயசங்கரிடம் தனியாகப் போனில் வருத்தம் சொன்னால் போதாது, நீ எழுதிய அதே குழுவில் எழுத வேண்டும். தப்பு என்னுடையது என்று நான் நேற்றே அங்கே எழுதிவிட்டேன். அதற்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
உமா மகேஸ்வரி