ஐஸ்பெட்டியில் தேய்த்த தேசிக்காய்

சல்லி,
திருகோணமலை.
ஞாயிறு காலை

அன்புள்ள பிரசாந்தனுக்கு,

சிவரூபி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் கப்பலில் சுகமாக இருக்க அம்மன் துணை. போனில் சொன்னால் பாதியில் கத்துவீர்கள், லைனும் அறுந்துவிடும். அதனால் அடுத்த கிழமை உங்கள் கப்பலில் ஏறும் ஜவ்பரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன மாதம் மாமி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மகனிடம் சொல்லாதே என்றார், நானும் மறைத்தேன். இப்போது நன்றாக இருக்கிறார். நேற்றுக்கூட என் கறிக்கு உப்புப் பத்தாது என்றார். ஆனால் அவர் அங்கே போனதற்கு நான்தான் காரணம்.

கம்பஸ் ஆய்வுகூடத்தில் நான் செய்துவந்த லேபல் நினைவிருக்கும்: செவ்வரத்தம்பூச் சாயம் ஊறிய கடதாசித் துண்டு. அந்தச் சாயத்தின் மூலக்கூறில் ஒரு வளையம் இருக்கிறது. புளிப்பில் அது மூடியிருக்கும், நிறம் சிவப்பு. மீன் கெடும்போது கிளம்பும் ஆவி புளிப்பை முறிக்கும். மூலக்கூறின் வடிவம் மாறி நீலமாகும், மேலும் போனால் வளையம் திறந்து பச்சையாகும். வெயில் பட்டாலோ சிதைந்து வெளிறிவிடும். அந்த வெயிலோடுதான் நாலு மாதம் மல்லுக்கட்டினேன். மீன் வைக்கும் ஐஸ்பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டியதும் நிறம் நின்றது. வென்றுவிட்டேன் என்று துள்ளினேன்.

முதல் சோதனை மாமாவின் வள்ளத்தில். புதுச் சாமான் ஏறுகிறதென்று அவர் முன்பக்கத்து அணியத்தில் தேசிக்காய் வெட்டினார். கண்ணூறு படக்கூடாதென்று ஒரு பாதியை என் லேபலின் மேலேயே தேய்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் புளி இருக்கும்வரை எந்த மீன் கெட்டாலும் லேபல் சிவப்பாகவே நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. சாமி காரியத்தில் மருமகள் குறுக்கே பேசுவதா என்று கூசியது.

அன்று ஐஸ் பத்தவில்லை. மாமி எந்த மீனையும் செவுளைத் தூக்கி மணந்து பார்ப்பவர். அன்று வள்ளத்தில் வந்த சூரையை மட்டும் பார்க்கவில்லை. பிள்ளையின்ர லேபல் சிவப்பாத்தானே கிடக்கு, பிறகென்ன என்று சட்டியில் போட்டார். உப்புப் பார்க்க இரண்டு துண்டு சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தடித்தது, வாந்தி நிற்கவில்லை. மாமாவும் நானும் அதுவரை சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியிலும் அவர், பிள்ளையில பிழை இல்லை, எல்லாம் வெயில் செய்த வேலை என்று தாதியிடம் எனக்காக வாதாடினார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு ஏலவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே இருவரையும் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். மாமா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, அண்டைக்கே சொல்லியிருந்தா அதில தேய்க்காமல் விட்டிருப்பனே என்றார். வெட்கத்தில் அழுதுவிட்டேன்.

இப்போது சாயத்தை, ஆவி மட்டும் நுழையும் மெல்லிய உறைக்குள் வைத்திருக்கிறேன். தேசிச்சாறு ஊற்றினேன், உப்புத்தண்ணீர் ஊற்றினேன், அசையவில்லை. கெட்ட மீனுக்குப் பதினெட்டுத் தடவையும் பச்சையானது. இது வேலை செய்யும். எனக்குச் சந்தேகமே இல்லை. வருகிற மாதம் முதல் வெள்ளி மறுபடி வள்ளத்தில் ஏறுகிறது. தேசிக்காய் அணியத்தோடு சரி என்று மாமாவே சொல்லிவிட்டார்.

ஒன்றே ஒன்று. முதல் துண்டு எனக்குத்தான் என்று மாமி ஒற்றைக்காலில் நிற்கிறார். மணந்தும் பார்க்கமாட்டாராம், பார்த்தால் என்னை நம்பாத மாதிரியாம். நான் சொல்லிக் கேட்கவில்லை, நீங்கள் சொன்னால் கேட்பார். அந்த வெள்ளிக்கு முன் எப்படியாவது போன் எடுத்து, மணந்து பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
சிவரூபி