காய வைத்திருக்கும் இறக்கை

என்னங்க,

சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. மேசைமேல் நீங்கள் ஒட்டிக் காய வைத்திருக்கும் புது கிளைடர் விமானத்தின் இறக்கையை நான் தொடவில்லை. தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். குழாய் ரிப்பேர் பார்க்கிறவர் ராத்திரி ஏழு மணிக்கு வருவார். அவர் பையை அந்த மேசையில் வைத்துவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்திருந்தேன். நீங்கள் மைதானத்திலிருந்து ஓடி வந்து, "கையை விட்டதும் சுத்திச் சுத்தி ஏறிச்சு, அப்படியே கண்ணுக்கு மறைஞ்சு போச்சு" என்றீர்கள். இரண்டு மாதம் உட்கார்ந்து செய்த கிளைடர் தொலைந்துவிட்டது, உங்கள் முகத்திலோ அவ்வளவு சந்தோஷம். "நான் பாக்காததை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதிலிருந்து நீங்கள் சரியாகப் பேசவில்லை.

எனக்குக் கிளைடர்மேல் என்ன கோபம்? அது ஏறும்போது உங்கள் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நீங்கள் தூங்கும்போதுதான் உங்களை அதிகம் பார்க்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை டியூட்டியை மாற்றித் தரும்படி ஹெட் நர்ஸிடம் கேட்டிருக்கிறேன். "பாக்கலாம்மா" என்றார். கிடைத்தால் மறுநாள் காலை நானும் வருவேன். கிடைக்காவிட்டால் எனக்காகக் காத்திருக்காமல் பறக்கவிடுங்கள். வந்து என்னை எழுப்பி, முதலிலிருந்து சொல்லுங்கள்.

பி.கு. உங்கள் தலையணை முழுக்க கிளைடருக்கு அறுத்த பால்சா மரத்தூள். தட்டிவிட மனசு வரவில்லை. தும்மிக்கொண்டே அதில்தான் தலை வைத்துத் தூங்கினேன்.